மற்ற தெருக்கள்

காலாண்டின் கடைசி நாளில் அவன் கடைத்தெருவுக்குள் நுழைவதைக் கண்டால் கடைக்காரர்கள் கல்லாவை இழுத்து மூடுவார்கள். கடன்காரன் வந்தால்கூட அத்தனை வேகம் காட்டமாட்டார்கள். பெற்றோர் அவனுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தெரு வைத்த பெயர் நுரை. சோப்பு, பற்பசை, ஷாம்பு, சலவைத்தூள் என வீட்டுக்கு வீடு வேண்டியதையெல்லாம் செய்து விற்கும் பெரிய கம்பெனி ஒன்றின் விநியோகஸ்தரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவன் ஆர்டர் எடுப்பவன். தண்ணீர் இல்லாமலே நுரை வரவழைப்பான், வேண்டாம் என்பவன் கடையிலேயே வண்டிச் சரக்கையும் இறக்கிவிடுவான் என்று வந்த பெயர் அது. அதைப் பட்டம் போல அவன் சுமந்து திரிந்தான்.

"முதலாளி, நாற்பது பெட்டி."

மளிகைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நாலா?"

"நாற்பது."

"யோவ் நுரை, போன தடவை நீ ஏத்தின முப்பதும் மேல பரண்ல படுத்துத் தூங்குது. அதுங்க இன்னும் கண்ணே முழிக்கல, அதுக்குள்ள தம்பி தங்கச்சிங்களக் கூட்டிட்டு வந்துட்டியா?"

"இந்தத் தடவை ஸ்கீம் இருக்கு முதலாளி. பன்னிரண்டுக்கு ஒண்ணு ஃப்ரீ."

"தூங்குறவனுக்குத் தலையணை ஃப்ரீ!"

"இன்னிக்குத் தேதியில பில் மட்டும் போட்டுக்கறேன். காசு மெதுவா குடுங்க. விக்கலேன்னா நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"எட்டு வருஷமா எடுத்துக்கிட்டே இருக்க. உத்தரத்தைப் பாரு, கூன் விழுந்துடுச்சு. என் தலையில விழுந்தா உங்க கம்பெனி மாலை வாங்கி அனுப்புமா? அதுலயும் ஒண்ணுக்கு ஒண்ணு ஃப்ரீயா?"

சிரிப்போடு சிரிப்பாக நாற்பதும் பரணேறின. அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். கடைசி நாளுக்குள் எழுதப்பட்ட பில்லெல்லாம் விற்பனை. கம்பெனி விநியோகஸ்தருக்கு விற்றது. விநியோகஸ்தர் கடைக்கு விற்றார். கடை பரணுக்கு விற்றது. பரண் யாருக்கு விற்கும் என்று எவரும் கேட்பதில்லை. ஏரியா மேனேஜர் கேட்பதே வேறு: "இன்னும் எவ்வளவு?" மாதக் கடைசியில் மட்டுமே முகம் காட்டும் அந்த மனிதருக்கு ஆர்டர்காரர்கள் வைத்த பெயர் முப்பத்தொன்று. முப்பது நாளோடு முடியும் மாதத்திலும் அவர் முப்பத்தொன்றாவது நாளாக வந்து நிற்பார்.

நுரைக்கு ஓர் அக்கா. ஐம்பத்தேழு வயது. சட்டை ஆலையின் இஸ்திரிப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் நின்றவள். நின்றவள் என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று. அந்தப் பிரிவில் நாற்காலி கிடையாது. தாயும் தந்தையும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஆறு. வீட்டிலிருந்தபடியே பொத்தான் தைத்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தன் திருமணத்தைத் தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டது தள்ளியே போயிற்று. தியாகம் என்று அதற்குப் பெயர் சூட்டி, தலையை ஆட்டிப் பாராட்டி, தம்பிடி செலவில்லாமல் தன் கடமையை முடித்துக்கொண்டது ஊர். பாராட்டியவர்களில் ஒருவராவது அவளுக்கு ஒரு நாற்காலி போட்டதில்லை.

அவள் பதினொரு வாடகை அறைகளில் குடியிருந்தவள். பதினொரு வீட்டுக்காரர்களும் பல வகை மனிதர்கள், ஆனால் சாவி கொடுக்கும்போது எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது." அதனால் அவள் கண்ணாடி எப்போதும் பெட்டியின் மேல் சாய்ந்தே நின்றது. குனிந்துதான் தலை வாரினாள். நாள்காட்டி தண்ணீர்க் குடத்தின் மீது முதுகு சாய்த்திருந்தது. பிறர் சட்டையின் சுருக்கத்தையெல்லாம் நீக்கியவள், தன் முகத்தைப் பார்க்க முதுகை வளைத்தாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் பதினோராவது அறையின் சொந்தக்காரரான கீழ்வீட்டுக்காரம்மா வந்தார். மகனோடு போய் இருக்கப் போவதாகவும், மாடியிலிருக்கும் இந்த அறையையும் அடுக்களையையும் தனியாக விற்றுவிடப் போவதாகவும் சொன்னார். "மாசம் தவறாம வாடகை குடுத்தவ நீ. உனக்குன்னா ஒரு வருஷம் பொறுக்கறேன். அதுக்கு மேல கேக்காத."

ஆலையில் கணக்கு முடித்துக் கொடுத்த தொகை முழுதும் அவள் கையில் இருந்தது. கேட்ட விலையில் ஐந்தில் நாலு பாகம் அதில் தேறும்.

"மிச்சம் ஒண்ணுக்கு வழி சொல்லுடா" என்றாள் தம்பியிடம்.

"எதுக்கு அக்கா இந்தத் தொல்லை? எங்க வீட்டுக்கே வந்துடேன்."

"உன் பெண்டாட்டி நல்லவ. அவ நல்லவளாவே இருக்கட்டும்."

அவன் சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளின் துண்டு ஒன்றை எடுத்து விரித்தான். அவன் கம்பெனியின் விற்பனை ஒரே ஆண்டில் பதினெட்டு விழுக்காடு ஏறியிருந்தது. பங்கு விலையும் படியேறிக்கொண்டிருந்தது. அந்தப் பதினெட்டில் தன் கைவேலையும் ஒரு துளி கலந்திருப்பது அவனுக்குத் தெரியாமலில்லை. துளிதானே பொய், கடல் மெய்தானே என்று எண்ணினான்.

"பல் விளக்காத வீடு உண்டா அக்கா? துணி துவைக்காத வீடு உண்டா? பஞ்சம் வந்தாலும் ஆட்சி மாறினாலும் மனுஷன் குளிச்சுத்தானே ஆகணும்? பணத்தை இந்தப் பங்குல போடு. வருஷக் கடைசியில நாலு பாகம் அஞ்சாயிடும். உன் பேர்லயே வாங்கறேன்."

"குளிப்பான்தான். ஆனா நீதானே போன வாரம் சொன்ன, சரக்கெல்லாம் பரண்ல கிடக்குதுன்னு?"

"அது நம்ம தெரு."

"மத்த தெரு?"

"மத்த தெருவுல எல்லாம் ஓடுது. ஓடாமலா பதினெட்டு ஏறும்? படிச்சவங்க பார்த்து, தணிக்கை பண்ணி, பேப்பர்ல போட்டிருக்காங்க. நான் ஒருத்தன் ரெண்டு பில்லைக் கூடப் போட்டா நாடே அப்படிப் போட்டதா ஆயிடுமா?"

அக்கா அந்தத் துண்டுத் தாளின் மடிப்பை விரலால் நீவினாள். "எங்க ஆலையில ஒரு சட்டையில காலர் கோணியிருந்தா, அந்த ஒண்ணை மட்டும் ஒதுக்க மாட்டாங்கடா. அதே மேசையில வெட்டின அத்தனையையும் பிரிச்சுப் பார்ப்பாங்க. அநேகமா அத்தனையும் கோணியிருக்கும்."

அவன் சிரித்தான். "இது சட்டை இல்ல அக்கா. சோப்பு."

படிக்க வைத்தவள், படித்தவனை நம்பினாள். கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு ஆண்டுகளின் வெக்கையும் வியர்வையும் ஒரு காலை வேளையில், அவன் கைப்பேசியின் திரையில், ஒரு விரல் அழுத்தத்தில் பங்குகளாக மாறின.

அவள் அதைப் பங்கு என்று சொல்லவில்லை. சுவர் என்றாள். ஞாயிறுதோறும் தம்பி வந்ததும் தேநீர் டம்ளரை நீட்டியபடி, "இந்த வாரம் நம்ம சுவர் எவ்வளவு எழும்பியிருக்கு?" என்று கேட்பாள். அவன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டுவான். முதற்காலாண்டில் சுவர் முழங்கால் அளவு எழும்பியது. இரண்டாவதில் இடுப்பைத் தாண்டியது. ஒரு நாள் கடைக்குப் போய் அவள் ஓர் ஆணி வாங்கி வந்தாள். ஒன்றே ஒன்று. விரல் நீளம். அதைத் தையல் பெட்டியில், ஊசிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

நுரையின் உழைப்பு இரட்டிப்பாயிற்று. முன்பு வயிற்றுக்காகச் சரக்குத் தள்ளியவன், இப்போது பாசத்துக்காகத் தள்ளினான். ஒரு பெட்டி பரணேறினால் அக்காவின் சுவரில் ஒரு செங்கல் ஏறியதாக அவன் மனம் கணக்குப் போட்டது. அறுபது, எழுபது என்று ஏற்றினான். கெஞ்சினான், கேலி பேசினான், கடைக்காரரின் பேரப்பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தான். பாசம் ஒரு பொய்யைச் சுமக்கத் தொடங்கிவிட்டால், பேராசையைவிட அதிகமாகச் சுமக்கும்.

நாலாம் காலாண்டின் தொடக்கத்தில் கம்பெனி ஒரு விழா எடுத்தது. அத்தனை வட்டாரங்களிலிருந்தும் ஆர்டர்காரர்களை ஒரு பெரிய மண்டபத்தில் கூட்டி வைத்தது. மேடையில் தலைமை அதிகாரி, "நீங்கள்தான் எங்கள் வேர்கள்" என்றார். வேர்கள் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து கைதட்டின. தங்கள் வட்டாரத்தில் முதலாக வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். முகப்பில் கம்பெனியின் சின்னம் பளபளத்தது. நுரைக்கும் ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வாங்கிய கணத்தில், எந்தச் சுவரில் அதை மாட்டுவது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்து கைகழுவப் போனார்கள். நீண்ட தொட்டி, பத்துக் குழாய், குழாய்க்கொரு கடிகாரக்காரன். சோப்பைத் தொட்டவன் ஒருவன் கத்தினான்.

"டேய், இங்க பாருங்கடா! போட்டிக் கம்பெனி சோப்பு!"

"மண்டபக்காரன் விவரமானவன். நம்ம சோப்புதான் எல்லாம் பரண்ல இருக்குதே, கைக்கு எப்படி வரும்?"

தொட்டி முழுதும் சிரிப்பு எழுந்தது. துறைமுகத்து வட்டாரக்காரன் ஒருவன், நரைத்த மீசை, தன் பங்குக்குத் தொடங்கினான். "எங்க பக்கம் ஒரு கடைக்காரர், பரண் பத்தலைன்னு கட்டிலுக்கு மேலேயே ஷாம்பு பெட்டியை அடுக்கிட்டாரு. வீட்டம்மா, நான் எங்க படுக்கிறதுன்னு கேட்டாங்களாம். பெட்டியைக் கட்டிப் பிடிச்சுப் படு, என்னைவிட வாசனையா இருக்கும்னாராம்."

"எங்க பக்கம் மாடிப்படி பூராவும் பற்பசை. மேல போறவன் கைக்குழந்தை மாதிரி தவழ்ந்துதான் போறான்."

"மலையடிவாரத்துல கேளு. மருந்துக்கடைக்காரன் ஒருத்தன் காலாவதியான பெட்டியை அடுக்கி, மேல துணி போட்டு, நாற்காலின்னு சொல்லி எனக்கே உட்காரக் குடுத்தான்."

நுரையும் எல்லோரோடும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது பக்கத்துக் குழாய்க்காரன் அவனிடம் திரும்பினான். "அதிருக்கட்டும் அண்ணா, நம்ம கம்பெனி பங்கு வாங்கியிருக்கீங்களா? நான் மச்சான் பணத்தையும் சேர்த்துப் போட்டிருக்கேன். பத்தொன்பது ஏறியிருக்கு."

"பரண்ல கிடக்குன்னு தெரிஞ்சுமா போட்ட?" என்று கேட்டான் நுரை. கேட்ட குரல் தன்னுடையதா, அக்காவுடையதா என்று அவனுக்கே ஐயமாயிற்று.

"அது நம்ம ஏரியாதானே? மத்த ஏரியால எல்லாம் நல்லா ஓடுதே!"

"நானும் அப்படி நினைச்சுத்தான் போட்டேன்" என்றான் மாடிப்படிக்காரன்.

"நானும்" என்றான் நரைத்த மீசை.

பத்துக் குழாய்களும் ஓடிக்கொண்டிருந்தன. பத்துப் பேரின் கைகளிலும் நுரை. ஒவ்வொருவனும் அடுத்தவன் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. நாட்டில் மற்ற தெரு என்று ஒன்று இல்லவே இல்லை. எல்லாத் தெருவும் எவனோ ஒருவனுடைய தெரு. தன் பொய்யைத் தானறிந்து, பிறன் பொய்யை மெய்யென்று எண்ணி, பத்துப் பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி நின்றிருந்தார்கள். அடியில் நின்றவன் எதன் மேல் நின்றான்?

நரைத்த மீசைதான் குழாயை முதலில் மூடினான். "இந்த ஒரு காலாண்டு தாங்கினாப் போதும்பா. அப்புறம் வித்துட்டுக் கழண்டுக்கலாம். யாரும் அவசரப்படாதீங்க."

ஒன்பது தலைகள் ஆடின. நுரையின் தலையும் அவற்றுள் ஒன்று.

அடுத்த ஞாயிறு கடிகாரத்தோடு அக்காவின் அறைக்குப் போனான். அவள் அதைத் துணியால் துடைத்து, மாட்ட இடமில்லாமல், பெட்டியின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தாள். அது கூரைக்கு மணி காட்டிக்கொண்டிருந்தது.

"சுவர் எவ்வளவு?"

அவன் காட்டினான்.

"கிட்டத்தட்ட வந்துடுச்சே!" அவள் முகம் இளமையாயிற்று. "போதும்டா. வித்துடு. குறையற துண்டை நான் தைச்சு அடைச்சுக்கறேன். வீட்டுக்காரம்மாகிட்ட பேசிட்டேன், ஆறு மாசம் தவணை தரேன்னுட்டாங்க. நாளைக்கே வித்துடு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு எவரும் வழி காட்ட முடியாது. அவன் அறிந்ததை அவள் அறியாள். ஆயினும் அவள் சொன்னது சரி. அவன் அறிந்தவன், அவன் செய்தது பிழை. ஏன் செய்தான்? முழுச் சுவரையும் தானே கட்டிக் கொடுப்பதாக வாக்களித்திருந்தான். வாழ்நாளெல்லாம் அவளிடம் வாங்கியே வளர்ந்தவனுக்கு, ஒரே ஒருமுறை குறையில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி. இன்னும் ஆறே விழுக்காடு. இன்னும் ஒரே காலாண்டு. தள்ளுவது அவன் தொழில். இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதாதா?

"அவசரப்படாத அக்கா. இன்னும் ஒரே ஒரு காலாண்டு. முழுசாவே கையில குடுக்கறேன். தவணை எதுக்கு உனக்கு?"

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"என்ன ஆகும்? ஜனங்க குளிக்கறதை நிறுத்திடுவாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் பின்னாளில் அவனால் மறக்க முடியவில்லை.

காலாண்டின் கடைசி நாள் மளிகைக்காரர் கடைவாசலில் கையை அகல விரித்து நின்றார். "முடியாது. பரண்ல எலிக்குக்கூட இடமில்ல. நீ வேணும்னா மேல ஏறிப் படு, பில் போட்டுக்கறேன்."

நுரை வழக்கம் போல வேடிக்கை பேசவில்லை. அக்காவின் அறையைப் பற்றிச் சொன்னான். பதினொரு வீடுகளைச் சொன்னான். ஆணியைச் சொன்னான். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கடையில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். அதையும் சரக்குத் தள்ளவே சொன்னான்.

மளிகைக்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த அம்மாவுக்காக ஏத்திக்கறேன்யா. உனக்காக இல்ல." கூரை ஓட்டோடு ஒட்டும்படி எண்பது பெட்டி சலவைத்தூள் அடைக்கப்பட்டது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. இரண்டு நாள் பெய்தது. பெட்டிகள் முட்டியதால் ஓடு ஒன்று விலகியிருந்தது; அந்த இடைவெளியில் நீர் இறங்கியது. மூன்றாம் நாள் காலை மளிகைக்காரர் கடையைத் திறந்தபோது, பரணிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை வழிந்துகொண்டிருந்தது. சுவர் வழியே மெல்ல மெல்ல இறங்கி, சர்க்கரை மூட்டைகளை நனைத்து, பருப்புச் சாக்குகளைத் தழுவி, கல்லாப்பெட்டி மேல் ஒரு குட்டி மலையாக உட்கார்ந்திருந்தது. கம்பெனி விளம்பரத்தில் சொன்னது பொய்யன்று. கொஞ்சம் தூளுக்கு நிறைய நுரைதான்.

அவர் அலறவில்லை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். "உள்ளே தள்ளியது வெளியே வருகிறது" என்று ஒரு வரி எழுதித் தம் வணிகர் சங்கத்துக்கு அனுப்பினார். சங்கம் அடுத்த சங்கத்துக்கு அனுப்பியது. பொழுது சாய்வதற்குள் படம் ஊர் ஊராய்ப் போயிற்று. பார்த்த ஒவ்வொரு கடைக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் நிமிர்ந்து தம் பரணைப் பார்த்தார்.

ஒரே வாரம். பரண்கள் இறங்கின. கட்டிலுக்கு மேலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் நாற்காலி வேடம் போட்ட இடத்திலிருந்தும் பெட்டிகள் புறப்பட்டு, விநியோகஸ்தர் வாசலில் மலையாகக் குவிந்தன. "விக்கலேன்னா திருப்பி எடுத்துக்கறேன்" என்று இத்தனை ஆண்டுகள் சொன்ன வாய்கள் எல்லாம் ஒரே நாளில் சாட்சிக்கு அழைக்கப்பட்டன.

கம்பெனி வெளியிட்ட அறிக்கையில் அதற்கு அழகானதொரு பெயர் இருந்தது: தற்காலிகச் சரக்குத் திருத்தம். பங்கு விலை முதல் நாள் கால்வாசி விழுந்தது. மறுநாள் வாங்க ஆளில்லை. மூன்றாம் நாள் பாதிக்கும் கீழே கிடந்தது. மேடையில் வேர்களைப் பற்றிப் பேசிய அதிகாரி, அந்தப் பொய்க் காலாண்டுகளுக்கான வெகுமதியைப் பங்காக அல்ல, ரொக்கமாகவே வாங்கி முடித்திருந்தார். பொய்யைக் கேட்டவனுக்கு வெகுமதி. பொய்யைச் சுமந்தவனுக்குக் கடிகாரம். பொய்யே பேசாத ஒருத்திக்கு மட்டும் தண்டனை. இதற்குச் சந்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அக்கா தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாள். அவன் கதவருகிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் மிதியை நிறுத்தாமல் கேட்டாள். நீளத் துணி ஒன்றின் ஓரம் மடிந்து மடிந்து ஊசிக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத் தெருவும் அப்படித்தான்னு உனக்கு எப்படா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பழகிய நாக்கு, ஒரு நொடி புரண்டிருந்தால் போதும். "கடிகாரம் குடுத்த அன்னிக்கு" என்றான்.

மிதி நின்றது.

"நான் வித்துடுன்னு சொன்னனே, அன்னிக்கு?"

"தெரியும் அக்கா."

அவன் அழுகையை எதிர்பார்த்தான், வசவை எதிர்பார்த்தான், செருப்பைக்கூட எதிர்பார்த்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை மடித்து வைத்தாள். ஆறு வயதில் காய்ச்சலோடு கிடந்தவனைப் பார்த்த கண்களால் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பார்வையையும் மடித்து வைத்துவிட்டாள்.

"வீட்டுக்காரம்மா குடுத்த வருஷம் முடிஞ்சுடுச்சு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். உங்க கம்பெனி வேன் கிடைக்குமா?"

அறையை வாங்கியவர் ஒரு பல் மருத்துவர். வாடகைக்கு விடப் போகிறாராம். அவர் வந்து சாவி வாங்கும் நாளில் வேனும் வந்தது. பன்னிரண்டாவது அறை நகரின் மறு ஓரத்தில் கிடைத்திருந்தது. இயந்திரம், குடம், கண்ணாடி, துணி மூட்டை என ஒவ்வொன்றாக மாடியிலிருந்து நுரை இறக்கினான். பெட்டிகளை ஏற்றி ஏற்றிப் பழகிய தோள் அது; இறக்குவது புதிதாயிருந்தது. வேனின் பக்கவாட்டில் சிரித்த முகமொன்று வெள்ளைப் பற்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

கடைசி மூட்டையை வைத்தபோது கைப்பேசி அடித்தது. முப்பத்தொன்று.

"எங்கப்பா இருக்க? தேதி என்ன தெரியுமா?"

"தெரியும் சார். வீட்டுல ஒரு வேலை..."

"வீடெல்லாம் ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம். இந்த மாசம் கணக்கு நேராகணும்னு மேல இருந்து பிடிச்சுத் தொங்கறாங்க. புது ஸ்கீம், பத்துக்கு ரெண்டு ஃப்ரீ. கடைக்காரங்க கோவமா இருக்காங்கதான். மத்த ஏரியால எல்லாம் சமாளிச்சு ஏத்திட்டாங்கப்பா. உன் ஏரியா மட்டும்தான் பாக்கி."

மத்த ஏரியா. நுரை வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நாக்கின் நுனி வரை வந்தது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், நாற்பத்து நான்கு வயது, வேறு தொழில் தெரியாத கை.

"எத்தனை பெட்டி சார்?"

அவன் குரல் அடங்கும் முன் மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டங். பிறகு மறுபடி. இரும்பை இரும்பு அறையும் ஒலி, நிதானமாக, விட்டு விட்டு. அவன் படியேறி ஓடினான். கீழ்வீட்டுக்காரம்மாவும் பல் மருத்துவரும் அவன் பின்னால் வந்தார்கள்.

காலியான அறையின் நடுச்சுவரில், நிமிர்ந்து நிற்பவளின் கண்ணுக்கு நேரான உயரத்தில், விரல் நீள ஆணியொன்று ஏறியிருந்தது. சுற்றிலும் காரை பெயர்ந்து கொட்டியிருந்தது. அக்கா கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, கடிகாரத்தை எடுத்து அதில் மாட்டினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை விரலால் நேராக்கினாள். கம்பெனிச் சின்னம் வெயிலில் மின்னியது.

"என்னம்மா இது!" என்று பதறினார் மருத்துவர். "இப்பத்தான் பணம் கட்டியிருக்கேன், சுவரை இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"அட்வான்சுல பிடிச்சுக்கோங்க" என்றாள் அக்கா. கோபமில்லாத குரல். "கடிகாரம் ஃப்ரீ."

அவள் தம்பியைத் தாண்டிப் படியிறங்கினாள். அவன் கையில் கைப்பேசி இன்னும் அணையாமல் பேசிக்கொண்டிருந்தது: "ஹலோ, ஹலோ, நூறுன்னு போட்டுக்கவா?" வேன் கதவு சாத்தப்படும் ஓசை கீழிருந்து வந்தது.

"போட்டுக்கோங்க சார்" என்றான் நுரை.